ரீபில்டபிள் அட்டமைசர்: காயில் அளவும் வயரும், பல வருடப் பழக்கத்தில் எனக்குப் பட்டது

ரீபில்டபிள் அட்டமைசர் என்பது, லிக்விட்டைச் சூடேற்றி ஆவியாக்கும் வயர்ச்சுருளையும் (காயில்) பஞ்சையும் நாமே மாற்றிப் போடும் மின்சிகரெட் தலை. அதற்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் காயிலின் மின்தடையைப் பற்றி முதலில் கேட்பது, “எத்தனை ஓம் வைக்கலாம்?” பல வருடமாக நானே காயில் சுற்றிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்கு அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. எப்படி இழுக்கிறோம் என்பது முதலில். அதை வைத்துக் காயிலின் உள்விட்டம், பிறகு வயரின் தடிமன், அப்புறம் உலோகம். இவ்வளவும் முடிவானால் ஓம் தானாக வந்து நிற்கும். வாட்டை நாம் அமைக்கிற மாடுகளில் (அட்டமைசரைப் பொருத்தும் பேட்டரிக் கருவி, ஆங்கிலத்தில் mod), 0.6 வந்தாலும் 0.8 வந்தாலும் பெரிய வித்தியாசமில்லை. சர்க்யூட் இல்லாமல் பேட்டரியை நேராகக் காயிலோடு சேர்க்கும் மெக் மாடு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் கதை வேறு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

நான் தினமும் புழங்குவது இரண்டு டேங்க், அதாவது லிக்விட் தொட்டி உள்ள அட்டமைசர். ஒன்று இறுக்கமான இழுப்பு: ஆவியை வாயில் நிறுத்தி, அப்புறம் உள்ளே எடுப்பது. இன்னொன்றில் காற்றுத்துளையைப் பாதி திறந்து வைத்து நேராக நெஞ்சுக்குள் இழுப்பேன். தொட்டி இல்லாமல் லிக்விட்டைச் சொட்டுவிட்டு இழுக்கும் டிரிப்பர் ஒன்றும் உண்டு, புது லிக்விட்டை ருசி பார்க்க மட்டும். சிகரெட்டை விட்டு இதற்கு வந்தவன் நான். நிக்கோடின் விடாமல் பிடித்துக்கொள்ளும் பொருள், எனவே சிகரெட் பழக்கம் இல்லாதவர் இதைத் தொட ஒரு காரணமும் இல்லை.

உள்விட்டத்தைப் பெரும்பாலோர் அலட்சியமாக விடுகிறார்கள். லிக்விட்டை உறிஞ்சிக் கொடுக்கும் பஞ்சு காயிலுக்குள் எவ்வளவு போகும் என்பதை முடிவு செய்வது அதுதான். 2 மி.மீ. காயிலுக்கும் 3 மி.மீ. காயிலுக்கும் பார்வைக்கு மயிரிழை வித்தியாசம். ஆனால் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தோடு கூடுவதால் உள்ளே போகும் பஞ்சு இரண்டேகால் மடங்கு. கெட்டியான, விஜி (வெஜிடபிள் கிளிசரின்) அதிகமுள்ள லிக்விட்டை 2 மி.மீ. காயிலில் போட்டு அடுத்தடுத்து இழுத்தால், லிக்விட் வந்து சேர்வதற்குள் பஞ்சு காய்ந்துவிடும். தொண்டையைக் கிழிக்கிற டிரை ஹிட் கிடைக்கும்.

அதற்காக எல்லாவற்றிலும் 3 மி.மீ. போட வேண்டியதில்லை. இறுக்கமான டேங்குகளில் காயில் உட்காரும் சேம்பர் சிறியது. பெரிய காயில் சுவரை ஒட்டி உட்கார்ந்தால், காற்று அதைச் சுற்றி ஓட இடமிருக்காது, சுவை மங்கிவிடும். கீழிருந்து காற்று வரும் டெக்குகளில் (காயிலை மாட்டும் தளம்), துளைக்கும் காயிலின் அடிப்பாகத்துக்கும் நடுவே காயிலின் பாதி விட்டம் அளவுக்கு இடைவெளி விடுவது என் வழக்கம். மிகவும் கீழே இறக்கினால் சீறல் சத்தமும் லிக்விட் துப்பலும் கூடும், மிகவும் ஏற்றினால் ஆவி சூடாக வருமே தவிர ருசி இருக்காது. இறுக்க இழுப்புக்கு 2.5, நெஞ்சிழுப்புக்கு 3 என்று நான் நின்றது இந்த இட நெருக்கடியால்தான்.

அடுத்தது தடிமன். கேஜ் எண் கூடக்கூட வயர் மெலியும். 24 கேஜ் சுமார் 0.51 மி.மீ., 26 கேஜ் 0.40, 28 கேஜ் 0.32, 30 கேஜ் 0.25. மூன்று கேஜ் தாண்டினால் வயரின் குறுக்குப் பரப்பு பாதியாகும், மின்தடை இரட்டிப்பாகும். இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. ஒரே நீளத்துக்கு 26 கேஜில், 28-ஐவிட சுமார் 60 சதவீதம் அதிக உலோகம். ஆனால் லிக்விட்டைத் தொடும் மேற்பரப்பு அதிகமாவது 26 சதவீதம்தான். அதாவது தடித்த வயருக்குப் போகும்போது, சூடேற்ற வேண்டிய சுமை கூடுகிற அளவுக்கு ஆவியாக்கும் பரப்பு கூடுவதில்லை. இரண்டு மூன்று நொடியே நீடிக்கும் சின்ன இழுப்புக்காரர்கள் 24 கேஜ் போட்டுவிட்டு “ரொம்ப லேட்டா சூடாகுது” என்று வாட்டை ஏற்றிக்கொண்டே போவது இதனால்தான். ஏற்றிய வாட்டில் இழுப்பின் பின்பாதி பஞ்சைக் கருக்கும்.

எவ்வளவு வாட் வைப்பது என்பதற்கும் இந்த மேற்பரப்புதான் அளவுகோல். 28 கேஜில், 2.5 மி.மீ. விட்டத்தில் 6 சுற்று சுற்றினால், சுற்றுகளின் பரப்பு சுமார் 53 சதுர மி.மீ. ஒரு சதுர மி.மீ.க்கு 0.2 முதல் 0.25 வாட் என்பது எனக்கு ஒத்துப்போகும் சூடு. அந்தக் கணக்கில் 11 முதல் 13 வாட். 26 கேஜில் 3 மி.மீ., 6 சுற்று என்றால் பரப்பு சுமார் 81, அதனால் 16 முதல் 20 வாட். இரண்டு டேங்கையும் நான் ஓட்டுவது இந்த எல்லைக்குள்தான். மாடு திரையில் தெரியும் “பரிந்துரை வாட்” ஓம் எண்ணை மட்டும் பார்த்துச் சொல்வது. காயில் எவ்வளவு பெரியதென்று அதற்கு எப்படித் தெரியும்?

உலோகத்தில் மூன்றோடு நின்றுகொண்டேன்: கான்தால், நைக்ரோம் 80, எஸ்எஸ் 316எல் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்). மேலே சொன்ன 26 கேஜ் காயிலையே கான்தாலில் சுற்றினால் கால்களையும் (ஸ்க்ரூவுக்குப் போகும் வயர் முனைகள்) சேர்த்து 0.8 ஓம் பக்கம் வரும், நைக்ரோமில் 0.6, எஸ்எஸ்ஸில் 0.4. சூடேறும் உடம்பு ஒன்றுதான், எண் மட்டும் மாறுகிறது.

நைக்ரோம் கான்தாலைவிட வேகமாகச் சூடேறும் என்று அடித்துச் சொல்வார்கள். மெக் மாடில் அது உண்மை. வோல்ட் மாறாதபோது தடை குறைந்தால் வாட் கூடும், வாட் கூடினால் சீக்கிரம் சூடேறும். ஆனால் வாட்டை நாமே 15 என்று பூட்டி வைத்திருக்கும்போது, அதே தடிமனும் அதே சுற்றும் உள்ள இரண்டு காயிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் சூடாகும். சொல்லப்போனால் கான்தாலின் அடர்த்தி குறைவு என்பதால் அதற்குத்தான் சுமை கொஞ்சம் கம்மி. இருந்தும் நான் நைக்ரோமையே அதிகம் சுற்றுகிறேன். காரணம் வேறு: வயர் இளகலாக இருக்கும், ஜிக்கில் (காயில் சுற்றும் கம்பி) சுற்றிய வடிவத்திலேயே நிற்கும். கான்தால் ஸ்பிரிங் மாதிரி, விரலை எடுத்ததும் கால் திறந்துகொள்ளும்.

கான்தாலுக்கு ஒரு பெரிய அனுகூலம், அதில் நிக்கல் சேர்ப்பதில்லை. இரும்பு, குரோமியம், அலுமினியம்தான். நைக்ரோம் 80-இல் 80 சதவீதம் நிக்கல், 316எல்-இல் 10 முதல் 14 சதவீதம். கவரிங் நகை போட்டால் தோல் தடிக்கிறவர்களுக்கு, வேறு யோசனையே வேண்டாம், கான்தால்தான்.

எஸ்எஸ்ஸை நான் வைத்திருப்பது வெப்பக் கட்டுப்பாட்டுக்காக. சூடேற ஏற அதன் தடை கூடும். அறை வெப்பத்தில் 0.50 ஓம் காட்டும் காயில், 200 டிகிரி ஏறியதும் 0.59 பக்கம் போகும். மாடு இந்த ஏற்றத்தைப் பார்த்து மின்சாரத்தைக் குறைக்கும். பஞ்சு காய்ந்தாலும் கருகுவதற்குள் பிடித்துவிடும். ஆனால் ஏற்றம் இவ்வளவு சின்னது என்பதால் ஸ்க்ரூ கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் கணக்குத் தப்பும். காயில் ஆறியிருக்கும்போதுதான் மாடில் தடையை அடிப்படை அளவாகப் பூட்ட வேண்டும். சுற்றுகள் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி விட்டுச் சுற்றினால் அளவு நிலையாக நிற்கும். வெறும் நிக்கல், டைட்டானியம் வயர்களும் இந்த முறைக்கு உண்டு. பஞ்சில்லாமல் அவற்றைச் சிவக்க விடக் கூடாது என்பதால் எனக்குச் சரிப்படவில்லை.

வயர் விஷயத்தில் ஒரு முறை லேபிள் மாறிய சுருள் வந்தது. மேலே 316எல் என்று போட்டிருந்தார்கள், காயில் ஓம் எதிர்பார்த்ததைப் போல் ஏறக்குறைய இரட்டிப்பு காட்டியது. ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனதும் துள்ளி ஒட்டிக்கொண்டது. கான்தால் காந்தத்தில் நன்றாக ஒட்டும், நைக்ரோம் 80 ஒட்டாது, 316எல் அநேகமாக அசையாது. ஒட்டாத இரண்டில் எது எது என்று பார்க்க 10 செ.மீ. வெட்டி அளந்தால் போதும்: 28 கேஜில் நைக்ரோம் 1.35 ஓம் பக்கம், எஸ்எஸ் 0.9 பக்கம். லேபிள் இல்லாத துண்டுகள் என் டப்பாவில் நிறைய, இந்தச் சோதனை அடிக்கடி கைகொடுக்கிறது.

கிளாப்டன் வகைகளைப் பற்றியும் கேட்பார்கள். நடுவில் தடித்த வயர், மேலே 36 கேஜ் போன்ற மெல்லிய வயரை நெருக்கிச் சுற்றியது. அந்தப் பள்ளங்களில் லிக்விட் தங்கி நிற்பதால் சுவை தூக்கலாக வரும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதே பள்ளங்களில் சுக்ரலோஸ் என்ற இனிப்பூட்டி போட்ட லிக்விட்டின் கரியும் அடையும், கழுவினாலும் முழுதாகப் போகாது. வாட்டும் லிக்விட்டும் கூடுதலாகத் தின்னும். நான் அதை டிரிப்பரோடு நிறுத்திக்கொண்டேன். தினசரி டேங்குக்குத் தனி வயர்தான்.

மாட்டும் விதத்துக்கு வருவோம். கால்களை ஸ்க்ரூவின் எந்தப் பக்கம் விட்டால் முறுக்கும்போது அது வயரை உள்ளே இழுக்குமோ அந்தப் பக்கம் விட வேண்டும். 30 கேஜ் போன்ற மெல்லிய வயரை அழுத்தி முறுக்கினால் ஸ்க்ரூவே கத்திரித்துவிடும். மாட்டியதும் 8, 10 வாட்டில் பட்டனை விட்டு விட்டு அழுத்திப் பார்ப்பேன். சூடு நடுச்சுற்றில் தொடங்கி இரு ஓரத்துக்கும் பரவ வேண்டும். ஒரு சுற்று மட்டும் முந்திக்கொண்டு பளிச்சென்று எரிந்தால், பட்டனை விட்டபின் செராமிக் ட்வீஸர் நுனியால் காயிலின் மேல் வருடிவிட்டு, லேசாகப் பிடித்து நெருக்க வேண்டும். சில தடவை செய்தால் சீராகும். பட்டனை அழுத்தும்போது உலோக ட்வீஸரைப் பயன்படுத்தினால் ஷார்ட் ஆகும்.

பஞ்சை இழுக்கும்போது காயில் சற்றே அசைய வேண்டும், வளையக் கூடாது. அசையவே இல்லை என்றால் பஞ்சு போதாது. வளைந்தால் அதிகம், லிக்விட் ஏறாமல் திணறும். காயிலுக்கு வெளியே நீளும் பஞ்சு வாலைச் சீப்பால் வாரி மெலிதாக்கி, லிக்விட் வரும் துளையை மூடுகிற அளவு விட்டு வெட்டுவேன். திணிப்பதில்லை. டேங்க் ஒழுகுகிறது என்று சொல்கிற பலரிடம் கோளாறு வயரிலோ ஓமிலோ இருப்பதில்லை, இந்த வாலில்தான் இருக்கும்.

பஞ்சு மாற்றும் நாளில் காயிலை மங்கிய சிவப்புவரை மட்டும் சூடாக்கி, ஆறவிட்டு, தண்ணீரில் மென்மையான பிரஷ்ஷால் தேய்த்துவிடுவேன். வெள்ளையாக எரியவிட்டால் உலோகம் சீக்கிரம் நொறுங்கும். தனி வயர் இப்படிப் பல பஞ்சு பார்க்கும்.

கடைசியாக மெக் மாடு. இங்கே ஓம்தான் எஜமான், நடுவில் எந்த சர்க்யூட்டும் காப்பாற்றாது. நிறைய சார்ஜில் பேட்டரி 4.2 வோல்ட். 0.5 ஓம் காயில் 8.4 ஆம்பியரை இழுக்கும், 35 வாட். 0.4 ஓம் காயில் இரண்டைச் சேர்த்துப் போட்டால் மொத்தம் 0.2, இழுப்பது 21 ஆம்பியர். தொடர்ச்சியாக 20 ஆம்பியர் தாங்கும் நல்ல 18650 பேட்டரிக்கே அது எல்லை மீறல். உறையில் பெரிதாக அச்சடித்திருக்கும் எண் பெரும்பாலும் நொடிக்கணக்கில் தாங்கும் உச்ச அளவு. பார்க்க வேண்டியது தொடர் மின்னோட்ட அளவு, அதிலும் பாதியோடு நான் நின்றுவிடுவேன். காயிலைப் போட்டதும் ஓம் மீட்டரில் அளக்காமல் மெக்கில் மாட்டுவதில்லை. பேட்டரியின் பிளாஸ்டிக் உறையில் சின்னக் கிழிசல் இருந்தாலும் அது மறுபடி உறை போடும்வரை உள்ளே போகாது. அட்டமைசரின் பின் நேராகப் பேட்டரியைத் தொடும் ஹைபிரிட் தலை கொண்ட மாடு என்றால், அட்டமைசரின் 510 பின் (அடியில் நடுவே உள்ள மின்முனை) வெளியே நன்றாகத் துருத்திக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிடுங்கள். சமமாக இருந்தால் அந்த அட்டமைசரை அந்த மாடில் வைக்கவே கூடாது.