மெல்லத் திறப்பது ஒரு வருத்தம், மெல்ல மூடுவது வேறு வருத்தம்: பழைய கணினியோடு சில வருடங்கள்

கொக்குவிலில் எங்கள் வீட்டில் ஓடுவது, ஏதோ ஒரு அலுவலகம் கழித்துவிட்ட மேசைக் கணினி. யாழ்ப்பாணத்தில் பாவித்த கணினி விற்கும் கடையொன்றில் வாங்கியது. நான்காம் தலைமுறை இன்டெல் ஐ3, 8 ஜீபி றாம், 1 டெறாபைட் ஹாட் டிஸ்க், விண்டோஸ் 10. பிள்ளைகளின் படிப்பும் என்னுடைய தட்டச்சு வேலையும் இதில்தான்.

சுவிச்சைப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் குடித்து வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். ஷட்டவுன் கொடுத்தாலும் உடனே நிற்காது. இரண்டும் ஒரே கோளாறு என்றுதான் யாரும் நினைப்பார்கள். கடைக்காரத் தம்பி, "அண்ணை, றாம் காணாது, இன்னொரு நாலு போடுவம்" என்றார். எது எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மனேஜரைத் திறந்து பார்த்தால் றாமில் பாதி சும்மா கிடந்தது. 100 வீதத்தில் நின்றது டிஸ்க்.

அதே டாஸ்க் மனேஜரில் ஸ்டார்ட்அப் பக்கத்தின் மேல் மூலையில் லாஸ்ட் பயோஸ் டைம் என்று ஒரு கணக்கு இருக்கும். மதர்போட்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருளான பயோஸ், கணினியை விண்டோஸின் கைக்குக் கொடுக்குமுன்னர் கழிந்த நேரம் அது. பத்து, பதினைந்து செக்கனுக்குள் என்றால் கவலையில்லை; எங்களுடையது அதைவிட மிக அதிகம். காரணம் மதர்போட்டில் இருக்கும் சிஆர்2032 என்ற காசு அளவுப் பற்றறி. ஐப்பசி, கார்த்திகையில் இங்கே இடி மின்னலுக்குப் பயந்து இரவில் ப்ளக்கையே கழற்றி வைப்போம். மின்சாரம் இல்லாத நேரத்தில் பயோஸின் அமைப்புகளையும் மணிக்கூட்டையும் காப்பாற்றுவது அந்தப் பற்றறிதான். அது செத்ததால் காலையில் திகதி பழைய வருடத்துக்குப் போய்விடும், இணையப் பக்கங்கள் பாதுகாப்பில்லை என்று அடம்பிடிக்கும், கணினி முதலில் வலையமைப்பிலிருந்து தொடங்கப் பார்த்துவிட்டுத்தான் டிஸ்க்குக்கு வரும். பற்றறியை மாற்றி, தொடங்கும் வரிசையில் டிஸ்க்கை முதலில் வைத்ததோடு அந்தப் பகுதி முடிந்தது.

அடுத்தது எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டுக்குப் பதில் சிப்பில் சேமிக்கும் டிஸ்க். 240 ஜீபி, ஹாட் டிஸ்க் பூட்டும் அதே சாட்டா வகை; பழைய மதர்போட்டுக்கும் பொருந்தும். விண்டோஸ் இருந்த சி பகுதியை அப்படியே அதற்குப் பிரதி எடுத்து, பழைய ஹாட் டிஸ்க்கை டி ஆக விட்டேன். கணினி தொடங்கும்போது படிப்பது ஒரு பெரிய கோப்பை அல்ல, அங்குமிங்கும் சிதறிய ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளை. ஹாட் டிஸ்க்கின் முனை ஒவ்வொன்றுக்கும் நகர்ந்து போக ஏறத்தாழ 10 மில்லிசெக்கன் எடுக்கும். எஸ்எஸ்டியில் நகர எதுவும் இல்லை. இப்போது சுவிச்சைப் போட்டு அரை நிமிடத்துக்குள் வேலை தொடங்கலாம். வேறு எதற்குச் செலவழித்திருந்தாலும் இந்த மாற்றம் வந்திராது.

கணினியோடு தானாகத் தொடங்கும் மென்பொருள்களின் ஸ்டார்ட்அப் பட்டியலில் வேண்டாத அப்டேட்டர்களையும் நிறுத்தினேன். பாமினி முறையில் தட்டச்சுப் பழகிய கை என்பதால் தமிழ் விசைப்பலகை மென்பொருளை மட்டும் தொடவில்லை.

ஆனால் மூடுவது? அது மாறவேயில்லை. எனக்கு உண்மையில் பயம் இதில்தான். 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்த நாட்டில் இருக்கிறோம். கரண்ட் போனால் யூபிஎஸ் தருவது சில நிமிடம். அதன் பற்றறியும் பழசு. திறக்கச் சுணங்கினால் நேரம்தான் போகும், மூடச் சுணங்கி நடுவில் அணைந்தால் கோப்பே போகும்.

விண்டோஸ் தன் நிகழ்வுகளைப் பதிந்து வைப்பதைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் டயக்னோஸ்டிக்ஸ் பெர்போமன்ஸ் என்ற பதிவுக்குள் 200 இலிருந்து தொடங்கும் எண்கள் மூடும் நேரத்தைப் பற்றியவை. எந்தச் செயலி சுணக்குகிறது என்று அங்கே பார்க்கலாம். எங்களுடையதில் யார் மீதும் குற்றம் இல்லை. ஆனால் மூடும்போது டிஸ்க் விளக்கு மட்டும் அணையாமல் எரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு போனதில் இரண்டு விஷயம் அகப்பட்டது. றாம் காணாதபோது விண்டோஸ் டிஸ்க்கில் பாவிக்கும் கோப்பான பேஜ்ஃபைல் 8 ஜீபி அளவில் டி டிஸ்க்கில் இருந்தது. விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் மெமறி மனேஜ்மென்ட் பகுதியில் கிளியர் பேஜ்ஃபைல் அற் ஷட்டவுன் என்பதன் பெறுமானம் 1 ஆக இருந்தது. நினைவகத்திலிருந்த இரகசியம் எதுவும் டிஸ்க்கில் தங்கக்கூடாது என்று அலுவலகங்களில் போடும் அமைப்பு அது. மூடும் ஒவ்வொரு முறையும் பேஜ்ஃபைல் முழுவதையும் அழித்து எழுதும். பழைய ஹாட் டிஸ்க் செக்கனுக்கு 100 எம்பி எழுதினால் 8 ஜீபிக்கு எண்பது செக்கனுக்கு மேல். பழைய உரிமையாளரின் பழக்கம் பிரதியோடு சேர்ந்து வந்துவிட்டது. அதை 0 ஆக்கி, பேஜ்ஃபைலையும் எஸ்எஸ்டியில் இருக்கும் சி பகுதிக்கு மாற்றினேன். பிறகு மூடுவது சில செக்கன் வேலை.

இதே தொல்லைக்கு இணையத்தில் அதிகம் சொல்வது, மூடும்போது பின்னணிச் சேவைகள் முடிய விண்டோஸ் காத்திருக்கும் நேரமான வெயிட் டு கில் சேர்விஸ் டைம்அவுட் என்பதைக் குறைக்கும் வைத்தியம். விண்டோஸ் 10 இல் அது ஏற்கெனவே 5000 மில்லிசெக்கன், அதாவது ஐந்தே செக்கன். அதையும் குறைத்தால் எழுதி முடிக்காத சேவையின் கழுத்தை நெரிப்பதுதான் நடக்கும். ரெஜிஸ்ட்ரி கிளீனர்களைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நான் நிறுத்தியே வைத்திருக்கிறேன். விண்டோஸ் 8 இல் வந்த வசதி. மூடும்போது விண்டோஸின் மையப் பகுதியான கேர்னலின் நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்து, அடுத்த முறை அதிலிருந்து எழும். ஹாட் டிஸ்க் வைத்திருப்பவருக்கு உதவும், சரி. எஸ்எஸ்டி போட்டபின் மிச்சமாவது கொஞ்சம்தான். அது இயங்கும்போது ஷட்டவுன் முழு ஷட்டவுனும் அல்ல; முழுதாக நின்று எழுவது ரீஸ்டார்ட்டில்தான். "நேற்று இரவு அணைத்தும் காலையில் அதே கோளாறு" என்பவர்கள் இதை ஒருமுறை பார்க்கலாம்.

விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. இந்த நான்காம் தலைமுறை ஐ3, விண்டோஸ் 11 இன் பட்டியலில் இல்லை. ஒரு வருட நீட்டிப்பு இருக்கும்வரை ஓடட்டும். பிறகு இதே பெட்டியில் லினக்ஸ் போடுவதாக எண்ணம். அதற்கு முன் யூபிஎஸ் பற்றறியை மாற்றவேண்டும்.