ஆறு வருஷம், ஒரு பச்சை சைக்கிள், ஒரு சைடு ஸ்டாண்டு

போன வாரம் லியோனில் இருக்கும் தம்பி ஒருவன் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினான். நான் 2019-இல் வாங்கிய அதே டூரிங் சைக்கிள், அதே பச்சை. பழைய மாடல் என்று விலையைக் குறைத்துப் போட்டிருக்கிறார்கள். "அண்ணே, வாங்கலாமா?" என்று ஒரே வரிக் கேள்வி. நானும் ஒரே வரியில் பதில் போட்டிருக்கலாம். ஆனால் அன்று மத்தியானம்தான் மெக்கானிக்கிடம் போய்விட்டு வந்திருந்தேன், வயிறு எரிந்துகொண்டிருந்தது. அதனால் இந்த நீளம்.

கியர் எத்தனை, எடை எவ்வளவு என்பதெல்லாம் அந்தப் படத்துக்குக் கீழேயே இருக்கிறது, அவன் படித்திருப்பான். என் கணக்கு இது: ஆறு வருஷத்தில் மூன்று செயின், இரண்டு ஜோடி டயர், பின்சக்கரத்தில் இரண்டு போக்ஸ் கம்பி, ஒருமுறை பெண்டு எடுத்தது. பஞ்சர்களை எண்ணவில்லை. சுமையோடு ஓடும் வண்டிக்கு இது ஒன்றும் பெரிய செலவில்லை. பிரேக்கைப் பற்றிச் சொல்லக் குறையே இல்லை.

வருஷத்துக்கு ஒருமுறை பாரிஸ் பெர்ஸி ஸ்டேஷனில் ரயில் ஏறி, சைக்கிளைக் கொக்கியில் மாட்டிவிட்டு, பூர்கோஞ் பக்கம் போவேன். இங்கிலீஷ்காரர்கள் பர்கண்டி என்பார்கள். இறங்கும் ஊர் பெயர் போன். (வீட்டுக்குப் பேசும்போது "போன்ல இருக்கேன்" என்றால் அம்மாவுக்கு இன்றுவரை புரிவதில்லை.) அங்கிருந்து பொம்மார், வொல்னே, மெர்சோ, புலிஞி, ஷஸாஞ், சான்தனே என்று திராட்சைத் தோட்டங்களுக்குள்ளேயே ஒரு சைக்கிள் பாதை போகிறது. அப்புறம் கால்வாய்க் கரையோடு ஷலோன், அதற்கப்புறம் ஜிவ்ரியிலிருந்து க்ளுனி, கடைசியில் மாக்கோன். அவசரமில்லாமல் நாலு நாள்.

அந்த முதல் நாள் பாதைக்காகவே இந்த வண்டியை நான் கொண்டாட வேண்டும். தோட்டத்துக்காரர்களின் டிராக்டர் போவதற்காகப் போட்ட சிமெண்டுப் பாதை அது, நமக்கு ஓரமாக இடம் கொடுக்கிறார்கள். கொடிகள் இடுப்பளவுதான். வரிசைக்கு வரிசை ஒரு மீட்டர் இடைவெளி, ஹெக்டேருக்குப் பத்தாயிரம் செடி. அதற்குள் சாதாரண டிராக்டர் நுழையாது என்பதால் கொடி வரிசையைக் காலுக்கு நடுவில் விட்டுக்கொண்டு போகிற உயரமான டிராக்டர் ஒன்று வைத்திருக்கிறார்கள். எதிரே வந்தால் ஒரு பெரிய சிலந்தி வருவதைப் போல இருக்கும், பேசாமல் இறங்கி வழிவிட வேண்டியதுதான். இங்கே தோட்டத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், அந்தத் துண்டுகளுக்குப் பொதுவாக 'க்ளிமா' என்று பெயர். மொத்தம் 1,247. 2015-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஒரு கல் சுவருக்கு இந்தப் பக்கம் விளைந்தால் ஒரு விலை, அந்தப் பக்கம் விளைந்தால் இன்னொரு விலை. மண்ணைப் பார்த்தால் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. நின்று பார்க்க வேண்டும் என்று மட்டும் தோன்றும்.

நிற்பதில்தான் பிரச்சினை.

இந்த வண்டியோடு வருகிற சைடு ஸ்டாண்டு ஒற்றைக்கால், இடப்பக்கம். அதன் நுனி ஐம்பது காசு நாணயம் அளவுகூட இருக்காது. வெறும் வண்டியை அது தாங்கும். இரண்டு பக்கமும் பை மாட்டிவிட்டால் வலப்பக்கம் கனத்தால் வண்டி வலப்பக்கம் சாயும், இடப்பக்கம் கனத்தால் கால் தரைக்குள் இறங்கும். இரண்டும் சரியாக இருந்தால் முன்சக்கரம் தானாகத் திரும்பி, வண்டி ஓர் அடி முன்னால் உருண்டு, அப்புறம் நிதானமாக விழும். அந்த நிதானம்தான் எரிச்சல். பார்த்துக்கொண்டே இருப்போம், எட்டிப் பிடிக்க முடியாது.

டூரிங் சைக்கிள் என்று பெயர் வைத்து, பின்னால் இருபத்தைந்து கிலோ தாங்கும் கேரியரும் கொடுத்து, இந்தக் குச்சியையும் கொடுத்தவர்கள் அதை எங்கே நிறுத்திப் பார்த்தார்கள்? கடைக்குள் டைல்ஸ் தரையில்தான் இருக்கும். தார் ரோட்டிலும் சமர்த்தாக நிற்கிறது. ஆனால் தார் ரோட்டில் நான் எதற்கு நிற்கப் போகிறேன்? நான் நிற்கிற இடமெல்லாம் சரளை. வைன் தயாரிப்பவர்களின் வீட்டு முற்றம் சரளை, கோயில் வாசல் சரளை. கிராமங்களில் பேக்கரி மத்தியானம் சாத்தியிருக்கும், திங்கட்கிழமை என்றால் நாள் முழுக்கவே சாத்தியிருக்கும். அப்படிப்பட்ட நேரத்தில் தண்ணீருக்கு நம்பக்கூடிய இடம் ஊர்க் கல்லறைத் தோட்டம், பூவுக்கு ஊற்ற அங்கே குழாய் வைத்திருப்பார்கள். குடிக்கக் கூடாது என்று பலகை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு பிடித்துக்கொள்ளலாம். அங்கேயும் சரளை. யாரோ ஒருவரின் சமாதிப் பக்கம் சைக்கிள் சாய்வதைத் தொடையைக் கொடுத்துத் தடுத்திருக்கிறேன்.

மூன்றாவது வருஷம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இங்கே குடித்துவிட்டு ஓட்டுவதில் சைக்கிள்காரனுக்கும் லிட்டர் ரத்தத்துக்கு அரை கிராம் ஆல்கஹால் என்கிற வரம்பு உண்டு. அதனால் ருசி பார்ப்பது ஒரு மிடறு, மிச்சம் பாட்டிலாக வாங்கி ராத்திரிக்கு. நிறைந்த பாட்டில் ஒன்று ஒன்றேகால் கிலோவுக்குக் குறையாது. பொம்மாரில் ஒன்று வாங்கி இடப்பக்கப் பையில் துணிக்குள் சுற்றி வைத்திருந்தேன். மெர்சோவில் வேறொரு பெரியவர் வீட்டு முற்றத்தில் ஸ்டாண்டு போட்டுவிட்டு மணியை அடித்தேன். கதவு திறந்ததும் பின்னால் சத்தம் கேட்டது.

அந்தப் பை மழைத்தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே போகாத ரகம். உள்ளே இருப்பதும் ஒரு சொட்டு வெளியே வராது என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. பையைத் திறந்தால் முக்கால் லிட்டர் சிவப்பு, அதில் இரண்டு சட்டை, ஒரு துண்டு, சார்ஜர், கண்ணாடித் துண்டுகள். பெரியவர் குனிந்து முகர்ந்தார். "எங்கே வாங்கியது?" என்றார். பொம்மார் என்றேன். அவர் முகத்தில் வந்தது நிம்மதிதான், வேறு ஒன்றும் இல்லை. உள்ளே போய் ஒரு வாளியும் ரப்பர் கையுறையும் கொண்டுவந்து கொடுத்தார். அவரிடம் ஒரு வெள்ளை வாங்கினேன், வாங்காமல் எப்படி வர முடியும்? அந்தப் பையில் இன்னமும் மூக்கை வைத்தால் லேசாகப் புளித்த வாடை வரும்.

அதற்கப்புறம் என்னென்னவோ செய்து பார்த்தேன். ஜாம் பாட்டில் மூடியைக் கவிழ்த்து ஸ்டாண்டுக்கு அடியில் வைத்தேன். நன்றாக வேலை செய்தது, கிளம்பும்போது எடுக்க மறந்து ஊருக்கு ஒரு மூடி விட்டுவந்தேன். வைன் பெட்டிப் பலகையில் ஒரு துண்டை அறுத்து நூல் கட்டி ஹேண்டில்பாரில் தொங்கவிட்டேன். அது முழங்காலில் இடித்தது. சுவரில் சாய்க்கலாம் என்றால் இந்த ஊர்ச் சுவர்கள் பல இடத்தில் சாந்தில்லாமல் அடுக்கிய கல், ஹேண்டில் பட்டு ஒரு கல் உருண்டால் தோட்டத்துக்காரன் முகத்தில் முழிக்க முடியாது.

காரைக்காலில் அப்பாவிடம் இருந்த சைக்கிளுக்குப் பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்துகிற ஸ்டாண்டு. குதிகாலால் மிதித்து, கேரியரைப் பிடித்து ஓர் இழுப்பு, 'டக்' என்று எழும்பி நிற்கும். கேரியரில் அரை மூட்டை அரிசி, பாரில் நான். அப்பா கடைக்குள் போய்விட்டு வரும்வரை அது அசைந்ததில்லை. நான் பெடலைச் சுற்றி விளையாடுவேன்.

சரி, வண்டிக்கு நியாயமாகவும் ஒன்று சொல்ல வேண்டும். ஜிவ்ரி–க்ளுனி பாதை பழைய ரயில் தடம், தண்டவாளத்தை எடுத்துவிட்டு 1997-இல் சைக்கிளுக்கு விட்டது, 44 கிலோமீட்டர். ஏற்றமே தெரியாது, பழைய ஸ்டேஷன் கட்டடங்கள் அப்படியே நிற்கின்றன. அங்கே எந்த வண்டியும் நல்ல வண்டிதான். க்ளுனி தாண்டி புவா க்ளேர் சுரங்கம் இருக்கிறது, 1.6 கிலோமீட்டர், கோடையிலும் உள்ளே ஸ்வெட்டர் தேடும். வௌவால்கள் உறங்குவதற்காகக் குளிர்காலத்தில் அதை மூடிவிடுகிறார்கள். அது தெரியாமல் ஒரு டிசம்பரில் போய் மாட்டினேன். மலை ஏறித்தான் அந்தப் பக்கம் போக வேண்டும். இருபது கிலோ சுமை, எதிர்க்காற்று, நாற்பத்தெட்டு வயது. கடைசிக் கியரில் போட்டு, நடக்கிற வேகத்தில், ஒருமுறைகூட இறங்காமல் ஏறிவிட்டேன். செயின் முனகக்கூட இல்லை. உச்சியில் இறங்கி ஹேண்டிலைத் தட்டிக்கொடுத்தேன், யாரும் பார்க்கவில்லை. அப்புறம் ஸ்டாண்டைப் போட்டு ஒன்றுக்குப் போனேன். திரும்பி வந்தால் பள்ளத்தில் கிடந்தது.

இப்போது மெக்கானிக் விஷயம். ஸ்டாண்டு ஆடுகிறது, போல்டை மாற்றிக் கொடுங்கள் என்று கொண்டுபோனேன். அவன் ஸ்டாண்டைக் கழற்றிவிட்டு விரலால் தடவிக் காட்டினான். பின்சக்கரத்துக்குப் போகிற அலுமினியக் குழாய் இரண்டிலும், கிளாம்பு பிடித்த இடத்தில் நகம் பதியும் அளவுக்குப் பள்ளம். ஆட ஆட நான்தான் இறுக்கிக்கொண்டே வந்திருக்கிறேன். விரிசல் இல்லை, ஓட்டலாம், ஆனால் அந்த இடத்தில் இனி எதையும் மாட்டாதே என்றான். ஆறு வருஷம் திட்டிய ஸ்டாண்டு, போகும்போது ஃபிரேமில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது.

ஆகவே தம்பி, வாங்காதே. மேலே சொன்ன நல்லதெல்லாம் உண்மைதான், அந்த விலைக்கு அப்படி ஏறுகிற வண்டி நான் பார்த்ததில்லை, இருந்தாலும் வாங்காதே. வாங்கியே தீருவேன் என்றால் அன்றைக்கே அந்த ஸ்டாண்டைக் கழற்றிக் கடையிலேயே வைத்துவிட்டு வா.

நான் பின்சக்கர அச்சுக்குப் பக்கத்தில் மாட்டுகிற ரகம் ஒன்றுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், அகலமான பாதம் வைத்தது. வியாழன் வந்துவிடும் என்கிறார்கள். சனிக்கிழமைக்குப் பெர்ஸியில் டிக்கெட் போட்டாகிவிட்டது. ஜாம் மூடி இரண்டு எடுத்து வைத்திருக்கிறேன்.