ஒற்றைத்தடச் சாலை: அகலப்படுத்தலாமா, ஒதுங்குமிடம் போதுமா?

ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியில் ஒரே ஒரு வண்டி மட்டும் போகிற சாலைகள் நிறைய. எதிரே வண்டி வந்தால் ஒதுங்க, ஓரத்தில் ஆங்காங்கே கொஞ்சம் அகலம் விட்டுப் பலகை நட்டிருப்பார்கள்.

இருவழியாக்கிவிட்டால் லாரிக்காரருக்கு நிம்மதிதான். ஆனால் பாறையை உடைத்து, சதுப்பு மண்ணில் அடித்தளம் போட்டு, வழியிலுள்ள சின்னப் பாலங்களையும் மாற்றி முடிப்பதற்குள் செலவு எங்கேயோ போய்விடும், அப்புறம் சாலை விரிந்ததும் வேகமும் கூடும்.

ஒதுங்குமிடங்களைக் கூட்டுவது மலிவு. ஒன்றிலிருந்து அடுத்தது கண்ணுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். தெரியாவிட்டால் வளைவில் மூக்கோடு மூக்கு முட்டிக்கொண்டு யார் ரிவர்ஸ் எடுப்பது என்று முறைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். பிரிட்டன் சாலை விதி 155 தெளிவாகவே சொல்கிறது: ஒதுங்குமிடம் இடப்பக்கம் இருந்தால் உள்ளே போகணும், வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேரெதிரே நிற்கணும், முடிந்தவரை மேடேறி வருபவருக்கு வழிவிடணும். பின்னால் வருகிறவர் முந்த நினைத்தாலும் இப்படித்தான். அங்கே பார்க்கிங் கூடாது (போட்டோ எடுக்க நிறுத்துகிறவர்களே, உங்களைத்தான்).

என் ஓட்டு ஒதுங்குமிடத்துக்கே. மரம் ஏற்றிய லாரிகள் தினமும் ஓடுகிற சாலையை மட்டும் அகலப்படுத்தலாம்.