பத்துக்குப் பன்னிரண்டு கடையில் எதை அடுக்குவது: பாக்கெட் சரக்கா, கூல்டிரிங்ஸா, பாலும் இட்லி மாவுமா?

என் நாத்தனார் திருச்சி பக்கம் துவாக்குடியில் கடை பார்த்துவிட்டாள். முன்பணம் கொடுத்தது போக அவள் கையில் ஒன்றரை லட்சம் இருக்கிறது. "அண்ணி, முதல்ல எதை வாங்கிப் போடுறது?" என்று போனில் கேட்டாள். நான் திருவெறும்பூரில் நாலு வருடமாகக் கடை நடத்துகிறேன். பத்தடிக்குப் பன்னிரண்டடி இடம், ஒரு ஷட்டர், ஒரு ஃபிரிட்ஜ். அவளுக்குப் போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

அரிசி, பருப்பு, எண்ணெய், புளி, மிளகாய் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அது எல்லாக் கடையிலும் இருக்கும், காந்தி மார்க்கெட்டில் விலை விசாரித்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். சிகரெட் வைக்கவில்லை. பக்கத்தில் பள்ளிக்கூடம் இருக்கிறது; 100 கெஜத்துக்குள் விற்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது, எனக்கும் மனம் இல்லை. இதெல்லாம் போக மிச்சம் இருக்கும் இடத்துக்கும் பணத்துக்கும்தான் போட்டி. ஒன்று, பெரிய கம்பெனி பாக்கெட் சரக்கு: பிஸ்கட், சிப்ஸ், நூடுல்ஸ், ஷாம்பு சரம். இரண்டு, கூல்டிரிங்ஸும் ஐஸ்கிரீமும். மூன்று, அன்றாடம் வந்து அன்றாடம் போகிற பால், தயிர், இட்லி மாவு, ரொட்டி, முட்டை.

நான் மூன்றாவது கட்சி. ஆனால் ஆரம்பத்தில் அப்படி இல்லை.

கடை திறந்தபோது எனக்குப் பாக்கெட் சரக்குதான் பாதுகாப்பு என்று தோன்றியது. பிஸ்கட் பல மாதம் தாங்கும், மாவு மூன்று நாளில் புளித்துவிடும். முதல்முறை கடை போடுகிற யாருக்கும் இந்தக் கணக்குதான் வரும். கலர் கலராகச் சரம் தொங்கினால் கடை நிறைந்து தெரியும் என்ற ஆசையும் இருந்தது. அதனால் முதல் தீபாவளிக்கு முன்னால் ஏஜென்சியிலிருந்து வந்த பையன் "அக்கா, 12 எடுத்தா 1 ஃப்ரீ, இந்த மாசம் மட்டும்தான்" என்றதும் கிரீம் பிஸ்கட்டில் ஆறு பெட்டி இறக்கினேன். தீபாவளிக்கு எல்லார் வீட்டிலும் முறுக்கும் அதிரசமும் இருக்கும், கிரீம் பிஸ்கட் யார் வாங்குவார்கள் என்று யோசிக்கவில்லை. நாலு பெட்டி மேல் தட்டிலேயே நின்றுவிட்டது.

"தேதி முடியறதுக்குள்ள சொல்லுங்க, திருப்பி எடுத்துக்கறோம்" என்றுதான் அந்தப் பையன் சொல்லியிருந்தான். பங்குனியில் நான் சொன்னபோது அந்தப் பையன் வேலையை விட்டுப் போயிருந்தான். புதிதாக வந்தவர், பழைய பில்லுக்குத் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது, டேமேஜ் லிஸ்டில் எழுதி வைக்கிறேன் என்றார். எழுதியும் வைத்தார். மூன்று மாதம் கழித்து அதில் பாதித் தொகைக்கு கிரெடிட் நோட் வந்தது. அதையும் பணமாகத் தரவில்லை, அடுத்த பில்லில் கழித்துக்கொள்ளச் சொன்னார்கள். அதாவது, போன பணத்தில் பாதியைத் திரும்பப் பெற நான் மறுபடி சரக்கு எடுக்க வேண்டும். இதற்குள் எலி ஒரு பெட்டியைக் கடித்திருந்தது. கடித்த பாக்கெட்டை யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இங்கேதான் எனக்கு ஒன்று புரிந்தது. கடைக்குச் சரக்கு எடுக்கும்போது எல்லாரும் மார்ஜினை, அதாவது எவ்வளவு லாபம் நிற்கும் என்பதைக் கேட்கிறார்கள். நான் இப்போது முதலில் கேட்பது, "மீந்தால் யார் தலையில்?" என்பதைத்தான்.

மாவு எப்படி வருகிறது என்று பாருங்கள். எங்கள் பக்கம் மாவு அரைத்துப் போடுகிறவர் காலை ஐந்தரைக்கு டிவிஎஸ் வண்டியில் வருகிறார். நேற்றுப் போட்டதில் மீந்த பாக்கெட்டை எடுத்துக்கொண்டு புதிதாக வைக்கிறார், விற்றதற்கு மட்டும் காசு வாங்குகிறார். எல்லா மாவுக்காரரும் இப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று சொல்ல மாட்டேன். நான் இரண்டு பேரிடம் பேசிப் பார்த்து, எடுத்துக்கொள்கிறவரைத்தான் பிடித்தேன், மற்றவர் பாக்கெட்டுக்கு ஒரு ரூபாய் குறைத்துத் தந்தும்கூட. பேக்கரி ரொட்டியும் அப்படியே. அடுத்த வண்டி வரும்போது பழைய ரொட்டி போய்விடும். அவர் தினமும் என் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது, நானும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. கணக்கு அன்றைக்கே முடிகிறது. மூன்று மாதம் கழித்துத் தீர்க்க எதுவும் மிஞ்சுவதில்லை.

அதனால் மூன்று நாளில் கெட்டுப்போகிற பொருள் எனக்கு நஷ்டம் வைக்கவில்லை. பல மாதம் தாங்குகிற பொருள்தான் வைத்தது. தாங்குகிறது என்பதால்தான் நான் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. மாவைத் தினமும் எண்ணுகிறேன், பிஸ்கட்டைத் தூசி தட்டும்போது மட்டும் பார்த்தேன். முதல் வருடக் கணக்கை நோட்டில் கூட்டியபோது பாக்கெட் சரக்கில் தூக்கிப் போட்டது 2,840 ரூபாய். மாவு, ரொட்டி இரண்டிலும் சேர்த்து வருடம் முழுவதும் 300 ரூபாய்கூட வரவில்லை. அதுவும் ஒருநாள் முழுக்கக் கரண்ட் இல்லாமல் மாவு பொங்கி வழிந்ததில் போனது.

பாலைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பால் திரும்பப் போகாது. எடுத்தால் எடுத்ததுதான். ஒரு டப்பில் 24 அரை லிட்டர் பாக்கெட். நீல ஆவின் பாக்கெட் 20 ரூபாய், அதில் நமக்கு மிஞ்சுவது சில்லறைக் காசு. சில கடைகளில் 'கூலிங் சார்ஜ்' என்று ஒரு ரூபாய் கூட வாங்குகிறார்கள். எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்குவது சட்டப்படி தப்பு என்பது ஒரு பக்கம், தினமும் வருகிற ஆளிடம் அந்த ஒரு ரூபாயை வாங்கினால் அவர் மனதில் அது தினமும் உறுத்தும். நான் வாங்குவதில்லை. தேவைக்கு ஐந்தாறு பாக்கெட் குறைத்தே சொல்கிறேன். காலை ஒன்பது மணிக்குப் பால் தீர்ந்துவிட்டது என்று சொல்வது கஷ்டம்தான், ஆனால் ராத்திரி பத்து மணிக்கு ஃபிரிட்ஜில் எட்டுப் பாக்கெட் பார்ப்பது அதைவிடக் கஷ்டம். ஒன்றிரண்டு மீந்தால் வீட்டில் காய்ச்சி உறை ஊற்றிவிடுவேன்.

இவ்வளவு குறைந்த லாபத்துக்கு ஏன் விடிகாலையில் எழ வேண்டும் என்று என் கணவரே கேட்டிருக்கிறார். கணக்கு எளிதாக இருக்க ஒரு பேச்சுக்கு இப்படி வைத்துக்கொள்வோம்: பாலில் நூற்றுக்கு மூன்று ரூபாய், பிஸ்கட்டில் நூற்றுக்குப் பத்து. ஆயிரம் ரூபாயைப் பாலில் போட்டால் இன்று மாலைக்குள் 30 ரூபாயோடு திரும்பி வருகிறது, நாளைக்கு அதே ஆயிரம் மறுபடி போகிறது. மாதம் 900. பிஸ்கட்டில் போட்ட ஆயிரம் விற்றுத் திரும்ப 20 நாள் ஆகிறது என்றால் மாதத்துக்கு ஒன்றரைச் சுற்று, 150 ரூபாய். ஒன்றரை லட்சத்தோடு கடை போடுகிற என் நாத்தனாருக்கு இது ரொம்ப முக்கியம். கையிருப்புக் குறைவாக இருக்கிறவர் பணத்தைத் தட்டில் தூங்க விடக் கூடாது. அப்புறம், பாலுக்கு வருகிறவர் வெறும் பாலோடு போவதில்லை. "அக்கா, ஒரு நீலம், அப்படியே ஒரு தீப்பெட்டி, கால் கிலோ ரவை" என்றுதான் கேட்பார். ரவைக்கு யாரும் தினமும் கடை ஏற மாட்டார்கள், பாலுக்கு ஏறுவார்கள்.

2025 செப்டம்பர் 22-ம் தேதி இதை இன்னொரு முறை பார்த்தேன். அன்று ஜிஎஸ்டி மாறியது. பிஸ்கட், சாக்லேட், குளியல் சோப்பு, ஷாம்பு 18 சதவீதத்திலிருந்து 5-க்கு இறங்கின. மிக்சர், சேவு மாதிரியானவை 12-லிருந்து 5. வாங்குகிறவர்களுக்கு நல்ல செய்தி, எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் தட்டில் இருந்தது பழைய விலைக்கு எடுத்த சரக்கு. என் வருட விற்றுமுதல் 40 லட்சத்துக்குக் கீழே என்பதால் நான் ஜிஎஸ்டி பதிவு எடுக்கவில்லை. வாங்கும்போது கொடுத்த வரியை எங்கேயும் கழிக்க முடியாது. வருகிறவர்கள் "டிவியில குறைஞ்சிடுச்சுன்னாங்களே" என்று கேட்டார்கள், கேட்பது நியாயம். சில ஏஜென்சிகள் வித்தியாசத்தை ஈடுகட்டின, சிலர் அடுத்த மாதம் என்றார்கள். எவ்வளவு சரக்கு நின்றதோ அவ்வளவு தலைவலி. பாக்கெட் பாலுக்கு அதற்கு முன்னாலும் வரி இல்லை, பின்னாலும் இல்லை. வரியோ விலையோ எது மாறினாலும், இன்று வந்து இன்றே போகிற சரக்கில் பழைய இருப்பு என்று ஒன்று இருக்காது.

முட்டைக்கும் இதே பழக்கம்தான். நாமக்கல் விலை தினமும் அறிவிப்பாகிறது, அட்டைக்கு 30 முட்டை. உடைந்தால் நம் கணக்கு, திருப்பி எடுக்க மாட்டார்கள். நாளைப் பார்த்து எடுக்க வேண்டும். புரட்டாசியில் பாதியாகக் குறையும், அமாவாசை, கிருத்திகைக்கு முதல் நாள் புது அட்டை எடுக்கக் கூடாது. மாவுக்கு வேறு கணக்கு. மார்கழிக் குளிரில் வீட்டு மாவு பொங்காது, அதனால் பாக்கெட் மாவு கூடப் போகும். இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நோட்டில் எழுதி எழுதித்தான் தெரிந்தது. நாத்தனாருக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுக்கப் போகிறேன்.

சரி, கூல்டிரிங்ஸ். கம்பெனியே கூலர் தருகிறது என்பதுதான் இதில் பெரிய கவர்ச்சி. அந்தக் கூலரில் அவர்கள் பாட்டில் மட்டும்தான் நிற்க வேண்டும் என்பார்கள். கரண்ட் பில் நம்முடையது. வீட்டுக்குக் கிடைக்கிற இலவச யூனிட் கடைக்குக் கிடையாது, வணிகக் கட்டணம். பங்குனி முதல் ஆனி வரை நன்றாக ஓடும், ஐப்பசி மழை பிடித்தால் அப்படியே நிற்கும். பிளாஸ்டிக் பாட்டிலில் கேஸ் இறங்கிவிட்டால் தேதி இருந்தாலும் வாங்கியவர் திருப்பிக் கொண்டுவருவார். 2017 மார்ச்சில் வணிகர் சங்கங்கள் வெளிநாட்டுக் குளிர்பானங்களை விற்க மாட்டோம் என்று சொன்னபோது பொவொண்டோவுக்கும் பன்னீர் சோடாவுக்கும் கிடைத்த மவுசு பற்றிப் பக்கத்துக் கடை அண்ணாச்சி இன்னும் பேசுவார். பொவொண்டோ போடுகிற காளிமார்க் 1916-லிருந்து இருக்கிற கம்பெனி, எங்கள் தெருவில் பொவொண்டோ கேட்டு வருகிற பெரியவர்கள் இன்றும் உண்டு. நான் கூலர் வாங்கவில்லை. என் ஃபிரிட்ஜில் பால் தட்டுக்குக் கீழே பத்துப் பாட்டில் வைக்கிறேன். தீர்ந்தால் மறுபடி பத்து.

ஐஸ்கிரீம் ஒரே ஒரு கோடை மட்டும் வைத்தேன், அதை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. விற்பனை நன்றாகவே இருந்தது, பிள்ளைகள் வருவது பார்க்கவே சந்தோஷம். ஆனால் கரண்ட் போய் ஒரு முறை உருகி மறுபடி உறைந்த ஐஸ்கிரீமைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது, கொடுக்கவும் இல்லை. இன்வெர்ட்டர் இருக்கிற கடைக்கு இது வேறு மாதிரி அமையலாம்.

பாக்கெட் சரக்கை முழுதாக விட்டுவிடச் சொல்லவில்லை. மாரி, குளுக்கோஸ் பிஸ்கட், ஐந்து ரூபாய் சிப்ஸ், ஷாம்பு சரம் இல்லாமல் கடை இல்லை. ஆனால் இப்போது ஸ்கீமுக்காக எடுப்பதில்லை, பெட்டியாக எடுப்பதில்லை. வந்ததும் தேதியை மார்க்கரில் பெரிதாக எழுதி, பழையதை முன்னால் வைக்கிறேன். தேதி முடிய 45 நாள் இருக்கும்போதே ஏஜென்சியிலிருந்து ஆர்டர் எடுக்க வருகிற ஆளிடம் காட்டி, அவர் கையெழுத்தைப் பில்லின் பின்னால் வாங்கிவிடுகிறேன். ஆள் மாறினாலும் கையெழுத்து இருக்கும்.

இதற்கு நடுவில் ஒரு விதிவிலக்கு, மணப்பாறை முறுக்கு. பக்கத்து ஊர், நம் ஆட்கள் கேட்டு வாங்குவார்கள், 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. போடுகிறவர் பத்து நாளைக்கு ஒரு முறை வருகிறார், மீந்ததை எடுத்துக்கொள்கிறார். ஆனால் நான் பத்து நாள் காத்திருப்பதில்லை. எட்டாவது நாள் ஒன்றைப் பிரித்துக் கடித்துப் பார்ப்பேன். எண்ணெய்ச் சிக்கு வாடை லேசாக அடித்தாலும் மீதியை ஓரமாக எடுத்து வைத்துவிடுவேன், கேட்டாலும் கொடுப்பதில்லை.

நாத்தனாரிடம் இப்படித்தான் சொன்னேன்: ஒன்றரை லட்சத்தில் நல்ல ஃபிரிட்ஜ் ஒன்று, மளிகைக்குப் பாதி, பாக்கெட் சரக்குக்குப் பதினைந்தாயிரத்துக்கு மேல் வேண்டாம். முதல் மாதம் ஒரு டப் பால், பதினைந்து பாக்கெட் மாவு, ஆறு ரொட்டி, இரண்டு அட்டை முட்டை. துவாக்குடியில் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள் அதிகம், ரொட்டியும் முட்டையும் அங்கே என் கடையைவிடக் கூடப் போகும் என்று நினைக்கிறேன். ஷட்டரை எத்தனை மணிக்குத் திறக்க வேண்டும் என்று கேட்டாள். பால் வண்டி உன் தெருவுக்கு எத்தனை மணிக்கு வருகிறது என்று முதலில் போய் விசாரித்துவிட்டு வா என்றேன்.