பயணி இருக்கை சென்சார்: பழைய பாகத்தை வாங்கிப் போடுவதா, முழு செட்டையும் மாற்றுவதா?

பக்கத்து இருக்கையில் என் மனைவி அமர்ந்திருக்கும்போதே, என் காரின் டாஷ்போர்டில் ‘பயணி ஏர்பேக் ஆஃப்’ என்னும் விளக்கு எரியத் தொடங்கியது. அந்த இருக்கையில் சிறு குழந்தை இருந்தால் எரியவேண்டிய விளக்கு அது. அமர்ந்திருப்பது யார் என்று இருக்கைக்குள் இருக்கும் சென்சார் கணித்துச் சொல்ல, அதை வைத்துத்தான் ஏர்பேக் அணைக்கப்படுகிறது. “உங்கள் கார் என்னைக் குழந்தையென்று நினைத்துக்கொண்டதா?” என்று அவர் முதலில் சிரித்தார். இரண்டு வாரம் கழித்து ஏர்பேக் எச்சரிக்கை விளக்கும் சேர்ந்து எரிந்தபோது இருவருக்குமே சிரிப்பு வரவில்லை. அதன்பின் எனக்குச் சொல்லப்பட்ட வழிகள் நான்கு: இருக்கைக்கு அடியிலுள்ள கனெக்டரைச் சரிசெய்வது, பழைய காரிலிருந்து கழற்றிய சென்சாரைப் பொருத்துவது, மெத்தையோடு சேர்த்து சென்சாரின் புதிய முழு செட்டை மாற்றுவது, சென்சாரையே ஏமாற்றும் சிறு கருவியை மாட்டுவது. இவற்றில் மூன்றைச் செய்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். என் சாய்வு முழு செட்டின் பக்கம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான்காவது வழியை இரண்டே வரிகளில் முடித்துவிடலாம். அந்தக் கருவி, யார் அமர்ந்தாலும் அமராவிட்டாலும் ‘இங்கே பெரியவர் இருக்கிறார்’ என்ற ஒரே செய்தியை ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். விளக்கு அணைந்துவிடும், ஆனால் அந்த இருக்கையில் ஒரு குழந்தை இருக்கும் நாளில் மோதல் நேர்ந்தால் ஏர்பேக் அதன் முகத்தில் முழு வேகத்தில் விரியும்.

கனெக்டர் வேலையை எல்லோரும் முதலில் செய்து பார்ப்பார்கள், பார்க்கவும் வேண்டும். இருக்கையை முன்னும் பின்னும் தள்ளித்தள்ளி, அடியில் செல்லும் மஞ்சள் உறையிட்ட வயர் இழுபடுவதும், கனெக்டரின் ஊசிகள் தளர்வதும் சாதாரணம். ஆனால் கனெக்டர்தான் குற்றவாளியா என்பதை ஸ்கேன் கருவி காட்டும் கோளாறுக் குறியீடே பெரும்பாலும் சொல்லிவிடும். ‘தொடர்பு இல்லை’, ‘சுற்று திறந்துள்ளது’ என்ற பொருளில் வரும் குறியீடானால் வயரிங்கைப் பார்க்கலாம். ‘அளவு எல்லைக்கு வெளியே’ என்ற பொருளில் வந்தால் கனெக்டரை எத்தனை முறை துடைத்தாலும் பயனில்லை. எனக்கு வந்தது இரண்டாவது வகை. அப்படியிருந்தும் ஆசை விடவில்லை. பேட்டரியைக் கழற்றி, மின்தேக்கியில் மிஞ்சிய மின்சாரம் வடியச் சில நிமிடங்கள் காத்திருந்து, கனெக்டரைச் சுத்தம் செய்து மாட்டச் சொன்னேன். குறியீட்டையும் அழித்துக் கொடுத்தார்கள். ஒன்பதாம் நாள் அதே விளக்கு எரிந்தது.

இனி உண்மையான போட்டிக்கு வருவோம். என் காரில் உள்ளது திரவப் பை வகை: இருக்கையின் நுரைமெத்தைக்கு அடியில் திரவம் நிரம்பிய தட்டையான பை, அதன் குழாயில் அழுத்தத்தை அளக்கும் சென்சார், அந்த அளவைப் படித்து ‘காலி, குழந்தை, பெரியவர்’ என்று வகைப்படுத்தும் சிறு மின்னணுப் பெட்டி. ஆய்வு செய்த மெக்கானிக் பை தளர்ந்துவிட்டது என்றார். பழைய உதிரிபாகக் கடையில் அதே மாடலின் பையும் சென்சாரும் கிடைத்தன. என் மெத்தையும் பெட்டியும் நன்றாகத்தானே இருக்கின்றன, இரண்டு பாகத்தை மட்டும் மாற்றினால் போதாதா என்று தோன்றியது. பொருத்தினார்கள், எச்சரிக்கை விளக்கு அணைந்தது. ஆனால் மனைவி இருக்கையின் விளிம்பில் அமர்ந்தால் ‘ஆஃப்’ என்றும், பின்னே தள்ளி நேராக அமர்ந்தால் ‘ஆன்’ என்றும் அந்தச் சிறு விளக்கு மாறிமாறிக் காட்டியது. புத்தகங்கள் நிரம்பிய ஒரு பையை வைத்தபோது அதைப் பெரியவர் என்றே முடிவுகட்டியது.

இந்தக் குழப்பத்தின் காரணத்தில்தான் முழு ஒப்பீடும் அடங்கியிருக்கிறது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். சென்சார் நம் எடையை நேரடியாக அளப்பதில்லை. கால்கள் தரையில் ஊன்றியிருப்பதால் ஒரு பகுதியும், முதுகு சாய்ந்திருப்பதால் ஒரு பகுதியும் மெத்தைக்கு வராமலே போய்விடும். மிஞ்சியது நுரையின் வழியாகத்தான் பைக்குப் போய்ச் சேரும். நுரை எவ்வளவு கெட்டியானது, மேலுறை எவ்வளவு இறுக்கமாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து ஒரே ஆள் அமர்ந்தாலும் அழுத்தம் மாறும். அதனால்தான் இவ்வகையில் மெத்தை, பை, சென்சார், பெட்டி நான்கையும் தொழிற்சாலையில் ஒன்றாக இணைத்து, அந்த மெத்தைக்கும் அந்தப் பைக்கும் உரிய அளவுகளைப் பெட்டிக்குள் பதிந்து, ஒரே செட்டாக விற்கிறார்கள். அதைப் பிரித்துக் கலக்கக்கூடாது என்றும் சொல்கிறார்கள். வேறொரு மெத்தையோடு பழகிய பையை என் தொய்ந்த மெத்தைக்கு அடியில் வைத்து, மூன்றாவதாக ஒரு கணக்கை மனப்பாடம் செய்திருந்த பெட்டியிடம் விடை கேட்டிருக்கிறேன்!

பிழைக்கு இடம் எவ்வளவு குறைவு என்பதையும் பார்க்கவேண்டும். இத்தகைய சென்சார்கள் பரவக் காரணமான அமெரிக்காவின் 208ஆம் எண் பாதுகாப்பு விதி 2000இல் திருத்தப்பட்டு, 2003 முதல் 2006 வரை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. ஏர்பேக்கை அணைத்துவைக்கும் வழியைத் தேர்ந்தெடுக்கும் நிறுவனத்தின் காரில், ஆறு வயதுக் குழந்தையைக் குறிக்கும் சுமார் 23 கிலோ சோதனைப் பொம்மை அமர்ந்தால் அது அணைந்திருக்கவேண்டும்; சிறிய உடல்வாகுள்ள பெண்ணைக் குறிக்கும் சுமார் 49 கிலோ பொம்மை அமர்ந்தால் தயார்நிலையில் இருக்கவேண்டும். காலும் முதுகும் வாங்கிக்கொள்ளும் பங்கைக் கழித்துப் பார்த்தால், இந்த இரண்டுக்கும் இடையே பெட்டிக்குக் கிடைக்கும் இடைவெளி மிகச் சிறியது. காலி இருக்கைக்கு உரிய அளவான ‘பூஜ்ஜியம்’ சில கிலோ நகர்ந்தாலே அந்த இடைவெளியில் கணிசமான பங்கு போய்விடும்.

முழு செட்டைப் பொருத்திய நாளில் நான் அருகிலேயே நின்றிருந்தேன். மேலுறையை மெத்தையோடு பிடித்திருக்கும் கம்பி வளையங்களை ஒவ்வொன்றாக வெட்டி, புதிய வளையங்களால் சுருக்கமில்லாமல் மீண்டும் இழுத்துக் கட்டுவதற்கே பாதி நேரம் போனது. பிறகு இருக்கையில் எதுவும் இல்லாமல், கை ஊன்றாமல், ஸ்கேன் கருவி மூலம் பூஜ்ஜியத்தைப் பதிந்தார்கள். அதன்பின் மனைவி விளிம்பில் அமர்ந்தாலும் ‘ஆன்’. அதே புத்தகப் பையை வைத்தால் ‘ஆஃப்’.

நான்கு கால்களிலும் எடை சென்சார் கொண்ட இருக்கையானால் கணக்குச் சற்று மாறும். அங்கே நுரைக்குப் பங்கில்லை என்பதால் ஒரு சென்சாரை மட்டும் மாற்றிப் பூஜ்ஜியம் பதிய முடியும். டொயோட்டாவின் முறையில் அதன்பின் 30 கிலோ எடையை வைத்து, அளவு 27 முதல் 33 கிலோவுக்குள் வருகிறதா என்று சரிபார்ப்பார்கள். ஆயினும் உதிரிபாகக் கடைக்கு வரும் கார்களில் பல மோதலில் சிக்கியவை. அந்த மோதலில் வளைந்து நிமிர்ந்த சென்சாரை நான் வாங்கமாட்டேன். மின்புலத்தை வைத்து ஆளைக் கண்டறியும் வகையில் எனக்குச் சொந்த அனுபவம் இல்லை. ஈரமான இருக்கையும், சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் லேப்டாப்பும் அதைக் குழப்பக்கூடும் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

எந்த வழிக்கும் பணம் செலவழிக்குமுன், 17 எழுத்து வாகன அடையாள எண்ணைக் கொண்டு ரீகால், அதாவது கோளாறைச் சரிசெய்ய நிறுவனமே காரைத் திரும்ப அழைக்கும் அறிவிப்பு, உண்டா என்று பார்த்துவிடுவது நல்லது, ஏனெனில் ரீகாலானால் வேலை இலவசம். நிசான் 2016இல் பெரியவரைக் குழந்தையாகவோ காலி இருக்கையாகவோ வகைப்படுத்திய கோளாறுக்காக முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்து, கட்டுப்பாட்டு மென்பொருளைத் திருத்திக் கொடுத்தது. டொயோட்டா 2023 டிசம்பரில் சென்சாரில் ஷார்ட் சர்க்யூட் ஆகக்கூடும் என்று சுமார் 11 லட்சம் கார்களையும், ஹோண்டா 2024 பிப்ரவரியில் எடை சென்சாரின் மின்தேக்கி விரிசல்விடக்கூடும் என்று அமெரிக்காவில் சுமார் ஏழரை லட்சம் கார்களையும் திரும்ப அழைத்தன. என் மாடலுக்கு அப்படி எதுவும் இல்லை. முழுச் செலவும் என் பையிலிருந்துதான்.

செட்டை மாற்றி ஒன்றரை ஆண்டாகிறது. புதிய மெத்தையும் ஒருநாள் தொய்யும். அது எத்தனை ஆண்டு தாங்கும் என்று சொல்லுமளவுக்கு இன்னும் ஓட்டவில்லை. அதனால் அந்த இருக்கைக்கு மட்டும் தடித்த உறையோ, சூடேற்றும் விரிப்போ, மேல்மெத்தையோ போடுவதில்லை. மற்ற மூன்று இருக்கைகளில் உறை இருக்க, அது மட்டும் மொட்டையாகத் தெரிவதாக மனைவி அவ்வப்போது சொல்கிறார்.