முக்கோணப் பட்டைத் தொகுப்பு: துளைக்குத் துளை அளந்து பார்த்தேன்

முக்கோணத்தின் பக்கங்களையும் கோணங்களையும் ஒப்பிட்டுப் படிப்பதற்கென்று விற்கப்படும் பிளாஸ்டிக் பட்டைத் தொகுப்பு ஒன்றை, ஏழாம் வகுப்பில் படிக்கும் மகளுக்காக நாகர்கோவிலில் ஒரு புத்தகக் கடையில் 180 ரூபாய்க்கு வாங்கினேன். 5 முதல் 10 சென்டிமீட்டர் வரை அளவு அச்சிட்ட பன்னிரண்டு பட்டைகளும், முனைத் துளைகளில் முடுக்குவதற்கான திருகுகளும், ஒரு கோணமானியும் அதில் இருந்தன. ஒரு மாதம் பயன்படுத்திய பிறகே இதை எழுதுகிறேன்.

நீளமான பக்கத்துக்கு எதிரே உள்ள கோணமே பெரியது என்று மகள் மனப்பாடமாகச் சொல்வாள். ஆனால் படத்தில் காட்டச் சொன்னால், அந்தப் பக்கத்தின் ஓரத்தில் இருக்கும் கோணத்தைத்தான் தொடுவாள். இரண்டு பட்டைகளை ஒரு திருகில் கோத்துக் கத்தரிக்கோல் போல விரிக்கும்போது, வாய் அகல அகல எதிரே பொருத்தவேண்டிய மூன்றாவது பட்டையும் நீண்டுகொண்டே போவதைத் தன் கையாலேயே செய்து பார்த்த பின்னர் அந்தக் குழப்பம் தீர்ந்தது. மாவட்ட வரைபடத்தில் நாகர்கோவில், குளச்சல், கன்னியாகுமரி ஆகிய மூன்றையும் கோடிட்டு இணைத்துக் கொடுத்தேன். கடலோரத்துக் குளச்சல்–கன்னியாகுமரிக் கோடுதான் நீளமானது, ஆகவே பெரிய கோணம் நாகர்கோவிலில்தான் என்று கோணமானியைத் தொடாமலே சொன்னாள். கொடுத்த பணம் இதற்கே தகும்.

குறை அளவில் இருக்கிறது. 6, 8, 10 என்று அச்சிட்ட மூன்று பட்டைகளைப் பொருத்தினால் செங்கோணம் அமைய வேண்டும். கோணமானியோ ஏறத்தாழ 96 பாகை காட்டியது. கோணமானிதான் பழுது என்று இரண்டு நாள் நினைத்திருந்தேன். பிறகு அளவுகோலை வைத்துப் பார்த்தபோதுதான், அச்சிட்ட எண் பட்டையின் முனை முதல் முனை வரையிலான நீளம் என்பதும், முக்கோணத்தின் பக்கமாக அமைவது துளைக்குத் துளை உள்ள தூரம் மட்டுமே என்பதும் தெரிந்தது. முனைக்கு அரை சென்டிமீட்டர் வீதம் கழிந்து, எங்கள் முக்கோணம் 5, 7, 9 ஆகிவிட்டிருந்தது. பாவம், கோணமானி சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

எல்லாப் பட்டைகளிலும் அதே ஒரு சென்டிமீட்டர் குறைவதால், எது பெரிது எது சிறிது என்ற வரிசை மாறுவதில்லை. ஒப்பிடும் பாடத்துக்கு அது போதும். பித்தாகரஸ் தேற்றத்தை இதைக்கொண்டு விளக்க நினைக்கும் ஆசிரியர்தான் மாணவர்கள் முன்னால் சங்கடப்படுவார். கோணம் இரட்டித்தால் எதிர்ப்பக்கமும் இரட்டிக்கும் என்று பிள்ளைகள் தாமாகவே முடிவுகட்டுவதையும் விளக்கத்தாள் தடுக்கவில்லை. 30, 60, 90 பாகை மூலைமட்டத்தில் 30க்கு எதிரே 5 சென்டிமீட்டர் என்றால், 60க்கு எதிரே ஏறத்தாழ 8.7தான் வரும், 10 வருவது 90க்கு எதிரே. இந்த ஒரு வரியை அதில் அச்சிட்டிருக்கலாம்.

திருகுகள் மூக்குத்தித் திருகாணி அளவே இருப்பதால் இரண்டு ஏற்கெனவே தொலைந்துவிட்டன. அச்சிட்ட எண்களை அடித்துவிட்டு, துளைக்குத் துளை அளந்த எண்களை அழியாத மையால் மகளே எழுதி வைத்திருக்கிறாள்.