14 ஸ்டீலா, 15 அலாயா, 16 அலாயா: சின்னக் காருக்கு எது மைலேஜ் தரும்?

ஸ்விஃப்ட் அளவுள்ள காருக்கு டயர் மாற்றப் போனால் கோவையிலும் ஈரோட்டிலும் பேச்சு மூன்று ஜோடிகளைச் சுற்றித்தான் வரும். அடிப்படை மாடலோடு வரும் 14 இன்ச் ஸ்டீல் ரிம், 165/80 டயர் (165 மி.மீ. அகலம், அதில் 80 சதவீதம் பக்கச்சுவர் உயரம்). மேல் மாடலோடு வரும் 15 இன்ச் அலாய் (அலுமினியக் கலவை ரிம்), 185/65 டயர். வெளியே வாங்கிப் போடும் 16 இன்ச் அலாய், 195/55 டயர். மூன்றுக்கும் வெளிவிட்டம் 620 மி.மீ. ஒட்டியே வருவதால் ஸ்பீடோமீட்டர் கணக்கு மாறாது. மைலேஜ் மட்டும் பார்த்தால் 14 முன்னே, 15 அதற்குச் சற்றுப் பின்னே, 16 கடைசி.

அலாய் எடை குறைவு, அதனால் மைலேஜ் கூடும் என்று கடையில் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். ஒரே அளவில் ஒப்பிட்டால்தான் அந்தப் பேச்சு நிற்கும். இன்ச் ஏறும்போது குறைந்த எடை திரும்ப ஏறிவிடும். எடையின் பங்கும் சிறிதுதான். சக்கரத்துக்கு 2 கிலோ கூடினால் நான்குக்கும் 8 கிலோ. சுழலும் எடை என்பதால் ஒன்றரை மடங்காக வைத்தாலும் 12 கிலோ. 900 கிலோ வண்டியில், காந்திபுரம் சிக்னல்களில் நின்று நின்று எடுக்கும்போது அது லேசாகத் தெரியலாம், பைபாஸில் தெரியாது.

டயரில் பெட்ரோலைத் தின்பது உருளல் தடை. டயர் தரையில் அமுங்கி மீளும் ஒவ்வொரு முறையும் ரப்பர் சூடாகிச் சக்தி வீணாகிறது. இந்தத் தடை 10 சதவீதம் குறைந்தால் எரிபொருள் 1 முதல் 2 சதவீதம் மிச்சம். லிட்டருக்கு 20 கி.மீ. தரும் வண்டியில் 200 முதல் 400 மீட்டர். 60 கி.மீ. வேகத்தில் உருளல் தடையும் காற்றுத் தடையும் கிட்டத்தட்ட சமம். 100-ல் காற்றுத் தடை கிட்டத்தட்ட மூன்று மடங்காகிவிடும். ஆகவே நிதானமாக ஓட்டுபவருக்குத்தான் டயர் தேர்வு அதிகம் பலன் தரும்.

16 இன்ச் தோற்பதும் இதனால்தான். 195 அகலத்தில் கிடைப்பவை பெரும்பாலும் பிடிமானத்தை முன்வைத்த ரப்பர். அகலம் கூடுவதால் காற்றும் கூடுதலாகத் தடுக்கும். இன்னொரு தொல்லை, பக்கச்சுவர் உயரம் 14-ல் 132 மி.மீ., 16-ல் 107 மி.மீ. தான். பெயின்ட் அடிக்காத ஊர் வேகத்தடையிலோ குழியிலோ இறங்கினால் டயர் பக்கவாட்டில் புடைக்கும், அலாய் வளையும் அல்லது விரிசல் விடும். ஸ்டீல் வளைந்தால் தட்டி நிமிர்த்தலாம். திம்பம், வால்பாறை என்று அடிக்கடி மலையேறுபவருக்கு 185/65 நல்ல நடுவழி. வளைவில் உறுதியாக நிற்கும், மைலேஜ் இழப்பும் சிறிது.

ரிம்மைவிட டயர் மாடல் முக்கியம். ஒரே 165/80 அளவிலேயே இரண்டு டயர்களின் உருளல் தடை 20 சதவீதத்துக்கு மேல் வேறுபடலாம். மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பான பி.இ.இ. தரும் நட்சத்திர லேபிள் இருந்தால் அதைப் பார்த்து வாங்குங்கள்.

நான்கு டயரிலும் காற்றழுத்தம் 1 பி.எஸ்.ஐ. குறைந்தால் சுமார் 0.2 சதவீத எரிபொருள் போகும். 6 குறைந்த டயரில் ஓடினால் நல்ல டயர் வாங்கிக் கிடைத்த லாபத்தில் கணிசமான பங்கு அதிலேயே தீர்ந்துவிடும். கதவுச் சட்ட ஸ்டிக்கரில் உள்ள அளவு குளிர்ந்த டயருக்கானது. நீண்ட ஓட்டத்தில் 4 பி.எஸ்.ஐ. வரை ஏறியிருக்கும், அந்தச் சூட்டில் பங்க்கில் 33 என்று சரிசெய்தால் காலையில் 29 தான் காட்டும். நைட்ரஜனால் மைலேஜ் கூடாது.

புது டயர் போட்டதும் மைலேஜ் விழுந்தால் பிராண்டைத் திட்ட அவசரப்படாதீர்கள். பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் கட்டிகள்) தேய்ந்த டயருக்கு உருளல் தடை குறைவு. 6 மி.மீ. தேய்ந்தால் விட்டமும் 12 மி.மீ. குறைகிறது, ஓடாத தூரத்தையும் ஓடோமீட்டர் 2 சதவீதம் வரை சேர்த்துக் காட்டும். பழைய டயர் காட்டிய மைலேஜில் ஒரு பங்கு அந்தப் பொய்க்கணக்கு.

ஒப்பிட்டுப் பார்ப்பதென்றால் ஒரே பங்க்கில் டேங்க் நிரப்பி, ஒரே சாலையில் போய் வந்து, அதே பங்க்கில் மறுபடி நிரப்பிக் கணக்கிடுங்கள். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பல்லடம், காங்கயம் வழியாகக் கரூர் போகும் வண்டியைப் பின்னாலிருந்து தள்ளும், திரும்பும்போது எதிர்த்து நிற்கும். போகும் பாதியை மட்டும் அளந்தால் காற்று தந்த மைலேஜை டயர் தந்ததாக எழுதிவிடுவீர்கள்.